நெடுந்தீவில இருந்து வந்த பைட்டுகள்: ஜாவா இன்புட் ஸ்ட்ரீமை வடிவா வாசிச்சு எடுத்த அனுபவம்

எங்கட பக்கம் சனசமூக நிலையம் இல்லாத ஊர் குறைவு, அநேகமா எல்லாத்திலயும் ஒரு வாசிகசாலையும் ரெண்டு மூண்டு அலுமாரி பழைய புத்தகமும் கிடக்கும், அதில சிலது வேற எங்க தேடினாலும் கிடைக்காது. அந்தப் புத்தகப் பட்டியல் எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வருவம் எண்டு நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து வேலை செய்யிறம். நிலையத்தில இருக்கிற லப்டொப்பில ஒரு சின்ன ஜாவா புரோகிராம் ஓடும், அது புத்தக விபரத்தை தமிழில ரெக்ஸ்ட் ஃபைலாவும் அட்டைப் படத்தை ஜேபெக்காவும் சொக்கெட்டால (நெட்வேர்க்கில ரெண்டு புரோகிராம் பேசிற இணைப்பு) எங்கட சேர்வருக்கு அனுப்பும். கோட் எனக்கு முதல் இருந்த ஒருத்தர் எழுதினது, அவர் வெளிநாடு போனாப் பிறகு பொறுப்பு என்னட்ட வந்தது. நாலு நிலையம் சேர்ந்தாப் பிறகுதான் பிரச்சினை வெளியில வந்தது. இதை ஏன் எழுதுறன் எண்டால் கம்பஸில ஓஓபி (ஒப்ஜெக்ட், கிளாஸ் வச்சு புரோகிராம் எழுதிற முறை) படிக்கேக்க ஸ்ட்ரீம், அதாவது ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வாற பைட்டுகளின்ர ஓட்டம், எண்டு ஒரு பாடம் வரும், ரெண்டு வரி கோட் எழுதிக் காட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவினம், உண்மையான நெட்வேர்க்கில அந்த ரெண்டு வரி என்ன செய்யும் எண்டு ஆரும் சொல்லித் தாறேல்ல.

கொக்குவில்லயும் திருநெல்வேலியிலயும் இருந்து வந்த பட்டியல் சுத்தமா இருந்தது. நெடுந்தீவு நிலையத்து ஐயாதான் முதல் போன் எடுத்தவர். "பிள்ளை, புத்தகப் பேர் எல்லாம் போயிருக்கு எண்டு காட்டுது, ஆனா அட்டைப் படம் ஒண்டும் திறக்குதில்லை, பேருக்குள்ளயும் இடைக்கிடை கறுப்புக் கட்டத்தில கேள்விக்குறி நிக்குது" எண்டார். "ஐயா, ஒண்டையும் அழிச்சுப் போடாதேங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்" எண்டு சொல்லிப்போட்டு சேர்வருக்குள்ள போய்ப் பாத்தால் படங்கள் எல்லாம் பூச்சியம் பைட். பேருகள் எல்லாம் இருக்கு, ஆனா ஒரு பக்கத்தில ரெண்டு மூண்டு இடத்தில எழுத்து உடைஞ்சு கிடக்கு, சில பதிவு வெறுமையாவே கிடக்கு.

முதல் படத்தைப் பாப்பம் எண்டு எடுத்தன், ஏன் எண்டால் பூச்சியம் எண்டது தெளிவான தடயம், கொக்குவில் படமும் அப்பிடித்தான் கிடந்தது, அதை ஒருத்தரும் திறந்து பாக்கேல்ல. கோட்டில படம் வாசிக்கிற இடத்தில ஒரு லூப், ஒவ்வொரு பைட்டா ரீட் பண்ணி, வந்ததை உடன பைட்டா காஸ்ட் பண்ணி (பைட் வகைக்கு மாத்தி), அது -1 இல்லாத மட்டும் ஓடுற மாதிரி எழுதிக் கிடந்தது. பாத்தால் சரி மாதிரித்தான் இருக்கும். ஆனா ஜாவாவில பைட் எண்டது -128 இல இருந்து 127 வரைக்கும்தான், நெகட்டிவும் உண்டு. ரீட் மெதட் திருப்பித் தாறது பைட் இல்லை, இன்ட், அதாவது அதை விடப் பெரிய முழு எண். 0 இல இருந்து 255 வரைக்கும் வந்தால் அது டேட்டா, -1 வந்தால் ஸ்ட்ரீம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். 256 விதமான பைட்டையும் தந்து, அதுக்கு மேல 'முடிஞ்சுது' எண்டும் சொல்லோணும் எண்டால் பைட்டுக்குள்ள இடம் இல்லை, அதுக்காகத்தான் இன்ட். அதைப் பாக்க முதலே பைட்டா காஸ்ட் பண்ணினால் 255 எண்ட உண்மையான டேட்டா -1 ஆ மாறிடும். எல்லா ஜேபெக் படமும் தொடங்கிறதே 255, 216 எண்ட ரெண்டு பைட்டில. அப்ப முதல் பைட்டிலயே லூப் முடிஞ்சிடுது, படம் பூச்சியம். ரெக்ஸ்ட் ஏன் தப்பினது எண்டால் எழுத்தைப் பைட்டா மாத்திற யூடிஎஃப்-8 முறையில 255 எண்ட பைட் எந்த இடத்திலயும் வராது. இன்ட்டில வாங்கி, -1 ஓட ஒப்பிட்டுப் பாத்து, பிறகு காஸ்ட் பண்ணுற மாதிரி மாத்தினன், படங்கள் வந்திட்டுது. திருப்பி 0-255 ஆ வேணும் எண்டால் 255 ஓட அண்ட் (&) பண்ணினாச் சரி.

எழுத்து உடையிற கதைதான் உண்மையான வேலை. எங்கட எழுத்துக்கு யூடிஎஃப்-8 இல ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூண்டு பைட். 'யா' எண்டால் ய வுக்கு 224 174 175, கால் குறிக்கு 224 174 190, மொத்தம் ஆறு. 'யாழ்ப்பாணம்' எண்டு எழுதினால் குத்து, கால் எல்லாம் சேர்த்து பதினொரு குறியீடு, 33 பைட். கோட் என்ன செய்தது எண்டால் 8192 பைட் பஃபர் (வாற டேட்டாவைத் தற்காலிகமா வச்சிருக்கிற இடம்) ஒண்டில வாசிக்கும், வாசிச்ச உடன அந்தத் துண்டை ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) மாத்தும், முன்னம் வந்ததோட ஒட்டும். 8192 மூண்டால பிரிபடாது, ரெண்டு மிச்சம். அதிலும் பஃபர் நிரம்பித்தான் வரும் எண்டும் இல்லை. சொக்கெட்டில ரீட் தாறது அந்த நேரம் வந்து சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவு, ஒரு பக்கெட்டில சாதாரணமா 1460 பைட் வரைக்கும்தான் வரும், அதுவும் மூண்டால பிரிச்சால் ரெண்டு மிச்சம். அப்ப ஒரு எழுத்தின்ர ரெண்டு பைட் இந்தத் துண்டிலயும் மூண்டாவது அடுத்த துண்டிலயும் போயிடும், ரெண்டு பக்கமும் அரைகுறை எண்டபடியால் ரெண்டு பக்கமும் கேள்விக்குறிக் கட்டம். இங்கிலீஷ் பட்டியல் எண்டால் எழுத்துக்கு ஒரு பைட், எங்க வெட்டினாலும் உடையாது, அதாலதான் இந்தப் பிழை கனகாலம் ஒருத்தருக்கும் தெரியாமல் கிடக்கும். தமிழில வேலை செய்யிற ஆக்கள்தான் இதைக் கவனமாப் பாக்கோணும், எங்களுக்காக வேற ஆரும் பாத்துத் தரப் போறேல்ல.

பஃபரைக் குடுக்கிறது எண்டது கான் கொண்டு போய் தண்ணி பவுசரடியில நிக்கிற மாதிரி, கான் இருபது லீற்றர் எண்டதுக்காக இருபதும் கிடைக்கும் எண்டில்லை, எவ்வளவு ஊத்தினது எண்டு பாத்துத்தான் மிச்சத்துக்கு நிக்கோணும். அந்த எவ்வளவு எண்டதுதான் ரீட் திருப்பித் தாற நம்பர். பழைய கோட்டில இன்னொரு இடத்தில அந்த நம்பரை வாங்கவே இல்லை, முழு பஃபரையும் ஸ்ட்ரிங் ஆக்கினது, அப்ப கடைசித் துண்டுக்குப் பின்னால முந்தின துண்டின்ர வால் அப்பிடியே நிக்கும், ஒரே புத்தகப் பேர் ரெண்டு தரம் வந்தது அதாலதான். வெறுமையாக் கிடந்த பதிவுகளுக்குக் காரணம் அவெயிலபிள் மெதட். கோட் எழுதினவர் அது தாற அளவுக்கு அரே (பைட் வரிசை) எடுத்து வாசிச்சிருக்கிறார். அவெயிலபிள் எண்டது காத்து நிக்காமல் இப்ப எவ்வளவு எடுக்கலாம் எண்ட ஒரு மதிப்பீடு மட்டும்தான், மொத்த அளவு இல்லை. உள்ளூர் ஃபைலில அது அநேகமா முழு அளவாவே வரும், அதால எல்லாரும் நம்பிடுவினம். சிக்னல் இல்லாத நேரம் சொக்கெட்டில அது 0, பூச்சிய அளவு அரே, வெறும் பதிவு.

இதை எல்லாம் திருத்தினால் காணாது, திருந்தினதை சோதிச்சுப் பாக்கோணும். என்ர மேசையில ரெண்டு புரோகிராமும் ஒரே லப்டொப்பில ஓடேக்க எல்லாம் ஒரேயடியா வந்து சேருது, பிழை வருதே இல்லை. நெடுந்தீவுக்குப் போறதெண்டால் பஸ்ஸில குறிகட்டுவான் மட்டும் போய் அங்க இருந்து படகு, காத்து அடிச்சால் படகும் இல்லை, ஒவ்வொரு வரி மாத்தத்துக்கும் அங்க போய் நிக்கேலாது. இந்த இடத்திலதான் ஓஓபி எண்டதின்ர பெறுமதி எனக்கு உண்மையா விளங்கினது. இன்புட் ஸ்ட்ரீம் எண்டது ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், தனிய ஒப்ஜெக்ட் செய்யேலாத பொது வார்ப்பு. ஃபைல், சொக்கெட், மெமரியில இருக்கிற பைட் அரே, எல்லாம் அதின்ர பிள்ளைகள். என்ர வாசிக்கிற மெதட் இன்புட் ஸ்ட்ரீம் எண்டு மட்டும் கேட்டால், உள்ளுக்க இருக்கிறது கடல் கடந்து வாற சொக்கெட்டோ நான் செய்த போலியோ எண்டு அதுக்குத் தெரியத் தேவையில்லை. அப்ப நெடுந்தீவின்ர சிக்னலை நானே ஒரு கிளாஸா எழுதலாம்.

ஃபில்டர் இன்புட் ஸ்ட்ரீம் எண்டு ஒண்டு இருக்கு, இன்னொரு ஸ்ட்ரீமை உள்ளுக்க வச்சுக்கொண்டு எல்லாத்தையும் அதுக்கே கடத்தி விடும். அதை எக்ஸ்டெண்ட் பண்ணி, அரே, தொடக்க இடம், நீளம் எண்டு மூண்டையும் வாங்குற அந்த ரீட் மெதட்டை மட்டும் ஓவர்ரைட் பண்ணினன், அதாவது என்ர முறையில திருப்பி எழுதினன். நீளம் எவ்வளவு கேட்டாலும் 1 இல இருந்து 7 வரைக்கும் ரேண்டமா ஒரு நம்பர் எடுத்து, ரெண்டில சின்னதைத்தான் உள் ஸ்ட்ரீமிட்டக் கேக்கும். அவெயிலபிள் எப்பவும் 0 திருப்பும். ஒரு விஷயம் கவனியுங்கோ, நேர இன்புட் ஸ்ட்ரீமையே எக்ஸ்டெண்ட் பண்ணி ஒரு பைட் தாற ரீட்டை மட்டும் எழுதினால் இந்த வேலை நடக்காது, ஏன் எண்டால் அடிக் கிளாஸில இருக்கிற அரே ரீட் அந்த ஒரு பைட் ரீட்டையே திருப்பித் திருப்பிக் கூப்பிட்டு கேட்ட அளவை நிரப்பித் தந்திடும், துண்டு துண்டா வராது. நான் சொல்லுற மாதிரி எழுதி பழைய கோட்டை அதுக்குள்ள விட்டன், 'யாழ்ப்பாணம்' எண்ட ஒரு சொல்லே கேள்விக்குறியா வெளியில வந்தது. ஐயா போனில சொன்ன அதே கட்டம் என்ர மேசையில. அதுக்குப் பிறகு வேலை வேகமாப் போனது.

திருத்தம் எண்டு பாத்தால் பெரிசா ஒண்டும் இல்லை. பைட்டை எல்லாம் முதல் முழுசாச் சேர், பிறகு ஒரே தரமா ஸ்ட்ரிங் ஆக்கு. இல்லாட்டி இன்புட் ஸ்ட்ரீம் ரீடரிட்டக் குடு, அது அரை எழுத்து வந்தால் மிச்சம் வருமட்டும் வச்சிருந்து சேர்த்துத் தரும். ஜாவா 9 இல இருந்து ரீட் ஆல் பைட்ஸ் எண்டு மெதட்டே இருக்கு. நிலையங்களில கன லப்டொப் பழசு, ஜாவா 8 தான், அங்க பைட் அரே அவுட்புட் ஸ்ட்ரீமில நாங்களே லூப் போட்டுச் சேர்க்கோணும். அதோட அங்க சார்செட் (எழுத்தை எந்த முறையில பைட்டா மாத்திறது எண்டது) சொல்லாமல் ஸ்ட்ரிங் ஆக்கினால் விண்டோஸின்ர செட்டிங் எதுவோ அதைத்தான் எடுக்கும், யூடிஎஃப்-8 ஐ எடுக்காது. ஜாவா 18 (2022) இலதான் யூடிஎஃப்-8 டிஃபோல்ட் ஆனது. அதால எந்த வேர்ஷன் எண்டாலும் சார்செட்டைக் கையால எழுதுங்கோ.

பிறகு வந்தது எங்க முடியுது எண்ட கேள்வி. ஃபைல் எண்டால் முடிவில -1 வரும். சொக்கெட்டில மற்றப் பக்கம் மூடினால்தான் -1, மூடாட்டி ரீட் பேசாமல் காத்துக்கொண்டு நிக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் புதுசா கனெக்ஷன் போட்டு மூடினது நெடுந்தீவு சிக்னலுக்கு சரியான சிலோ. அதால ஒரே கனெக்ஷனில முதல் நாலு பைட்டில நீளம், பிறகு அந்தளவு டேட்டா எண்டு மாத்தினம். டேட்டா இன்புட் ஸ்ட்ரீமில ரீட் இன்ட் நீளத்தை எடுக்கும், ரீட்ஃபுல்லி கேட்ட அளவு முழுக்க வருமட்டும் விடாது, இடையில அறுந்தால் ஈஓஎஃப் எக்செப்ஷன் (டேட்டா இடையில முடிஞ்சுது எண்ட பிழை) தரும். அரைவாசிப் பதிவை முழுசு எண்டு சேமிக்கிறதை விட எக்செப்ஷன் வாறது எவ்வளவோ நல்லம்.

ஒரு நாள் லொக்கில அவுட் ஆஃப் மெமரி எண்டு நிண்டது. வந்த நீளம் 1195725856, ஒரு ஜிபிக்கும் மேல. எங்கட நிலையம் ஒண்டும் அப்பிடி அனுப்பாது. அந்த நம்பரை நாலு பைட்டாப் பிரிச்சுப் பாத்தன், 71, 69, 84, 32. அது ஜி, ஈ, டி, பிறகு ஒரு வெறும் இடம். ஆரோ அந்த போர்ட்டை பிரௌசர் மாதிரி ஒண்டால தட்டியிருக்கினம், எச்டிடிபி ரிக்வெஸ்ட் தொடங்கிற 'கெட்' எண்ட சொல்லை எங்கட சேர்வர் நீளம் எண்டு எடுத்து அவ்வளவு பெரிய அரே கேட்டிருக்கு. வெளியில இருந்து வாற நம்பரை நம்பி அரே எடுக்கவே கூடாது. இப்ப நீளம் நெகட்டிவா இருந்தாலோ 10 எம்பிக்கு மேல போனாலோ கனெக்ஷனை மூடிடுவம், அதோட சொக்கெட்டுக்கு டைம்அவுட்டும் வச்சாச்சு, இல்லாட்டி சிக்னல் போன ஒரு நிலையத்துக்காக ஒரு த்ரெட் (சேர்வரின்ர ஒரு வேலை இழை) முடிவில்லாமல் காத்து நிக்கும்.

இப்ப சொக்கெட் ஸ்ட்ரீமை பஃபர்ட் இன்புட் ஸ்ட்ரீமால சுத்தி, அதுக்கு மேல செக்ட் இன்புட் ஸ்ட்ரீமைப் போட்டு சிஆர்சி32 (டேட்டா வழியில மாறிச்சோ எண்டு பாக்கிற சரிபார்ப்பு எண்) கணக்குப் பாத்து, அதுக்கும் மேல டேட்டா இன்புட் ஸ்ட்ரீம், எல்லாம் ட்ரை வித் ரிசோர்சஸுக்குள்ள (வேலை முடிய தானா மூடிற அமைப்பு), வெளியில இருக்கிறதை மூடினால் உள்ளுக்க இருக்கிறதும் மூடுபடும். ஃபைலை ஒவ்வொரு பைட்டா வாசிக்கிற இடங்களிலயும் பஃபர்ட் கட்டாயம் போடுங்கோ, இல்லாட்டி ஒரு பைட்டுக்கு ஒருக்கா ஓஎஸ்ஸிட்டப் போய் வரும், பெரிய படத்தில வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அனுப்பினவையின்ர சிஆர்சியும் எங்கட சிஆர்சியும் ஒத்து வந்தால்தான் பதிவு டேட்டாபேஸுக்குள்ள போகும், இல்லாட்டி திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கும்.

நெடுந்தீவுப் பட்டியலைத் திருப்பி எடுத்தாச்சு, ஐயா ஒவ்வொரு பேரா இருந்து ஒப்பிட்டுப் பாத்து சரி எண்டு சொல்லியிருக்கிறார். அடுத்தது புங்குடுதீவும் காரைநகரும். அந்தத் துண்டு துண்டாத் தாற ஸ்ட்ரீம் கிளாஸ் இருபது வரி கூட வராது, தமிழ் டேட்டா வாங்கிற புரோகிராம் ஆரும் எழுதிறியள் எண்டால் கேளுங்கோ, அனுப்பி விடுறன்.