ஒரு ‘க’ எழுத்தும் என் ஏசி மெக்கானிக் தொழிலும்

என் ஐடிஐ சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் தப்பாக இருப்பது, அதை வாங்கி ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் ஒரு ஏஜென்சி ஆபீஸ், 2023 ஆகஸ்ட் மாதம். துபாயில் ஏசி டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காப்பர் பைப்பை வெட்டி, முனையை விரித்து ஃப்ளேர் போடச் சொன்னார்கள், போட்டேன். கேஜ் மாட்டி பிரஷர் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். தேர்வாகிவிட்டேன் என்றும் சொன்னார்கள். அட்டஸ்டேஷனுக்காக, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவதற்காக, சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெண், “அண்ணா, இது உங்க சான்றிதழ்தானா?” என்று கேட்டார்.

தமிழில் ‘க’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது அதுவே ‘கே’ ஆகும், ‘ஜி’யும் ஆகும். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஜி, ஆதாரில் ஜி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாகப் போட்டிருக்கிறது, அதுவும் ஜி-யில்தான் தொடங்கும். ஐடிஐ சான்றிதழில் மட்டும் கே. மாநில அரசு, வெளியுறவுத் துறை, அப்புறம் தூதரகம் என்று மூன்று இடத்தில் முத்திரை வாங்க வேண்டிய தாள் அது. திருத்திக்கொண்டு வாருங்கள், இடம் காலியாக இருந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி மண்டபத்துக்கு பஸ் ஏறி, ஊர் வந்து சேரும்வரை கண்ணை மூடவில்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அப்பாவால்தான். அவர் இருபது வருடத்துக்கு மேல் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். போட்டுகளுக்கு ஐஸ் போகும் இடம் என்பதால் எந்நேரமும் அமோனியா வாடை அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போதுதான் பிளான்ட்டைப் பிரித்து மராமத்து பார்ப்பார்கள். பள்ளி லீவு நாளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நானும் போவேன். ஒருமுறை வால்வு பேக்கிங்கில் கசிவு. அப்பா ஈரத் துண்டை என் முகத்தில் அழுத்தி, குனிந்தபடியே என்னை வெளியே இழுத்து வந்தார். அமோனியா காற்றைவிட லேசு, மேலே ஏறும், தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை வெளியே வந்து மூச்சு வாங்கியபடி அவர் சொன்னதுதான் எனக்கு இந்தத் தொழிலில் முதல் பாடம்.

பத்தாம் வகுப்பு முடித்து, 2014-ல் ஐடிஐயில் ரெஃப்ரிஜிரேஷன் ஏசி பிரிவில் சேர்ந்தேன். இரண்டு வருடம் நல்லபடியாகப் போனது. சென்னையில் ஒரு வருடம் அப்ரென்டிஸ், அங்கேயே மூன்று வருடம் வேலை. 2020 ஊரடங்கில் ஊர் திரும்பி, ராமநாதபுரத்தில் ஒரு அண்ணனின் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன்.

சென்னையில் கற்றது பாதிதான், மீதியைக் கடல்தான் கற்றுக் கொடுத்தது. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் கடலைப் பார்த்து மாட்டிய அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு வருடத்தில் சூட்டை வெளியேற்றும் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்ஸ் வெள்ளைப் பொடியாகிக் கிடக்கும், விரல் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஃபின்ஸ் போனால் சூடு வெளியேறாது, பிரஷர் ஏறும், கம்ப்ரசர் திணறும். வீட்டுக்காரர் “கேஸ் இல்ல போல தம்பி, நிரப்பிட்டுப் போ” என்பார். நிரப்பக் கூடாது. கேஸ் தானாகக் குறையவே குறையாது, குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிக் காசு வாங்குபவர்களால்தான் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

இங்கே தொழில் செய்ய வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் நேராக வந்து அறையும் சுவரில் அவுட்டோரை மாட்டாதீர்கள். ஏணி வைக்கச் சிரமமாக இருந்தாலும் மறைவான பக்கம் தேடுங்கள். காப்பர் காயில் உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கரண்டை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர் தண்ணீரே பல இடத்தில் உப்பு. லாட்ஜ்களில் கீசர் எலிமென்ட் அடிக்கடி போவதும் இதே தண்ணீரால்தான். கழற்றினால் சுண்ணாம்புக் கட்டி விரல் தடிமனுக்கு ஒட்டியிருக்கும். ஏசி வேலை குறைகிற கார்த்திகை, மார்கழியில் எனக்குச் சோறு போடுவது கீசர்தான்.

தனியாக வேலை எடுத்த புதிதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் நான்கு இன்வெர்ட்டர் ஏசி மாட்டும் வேலை. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், அறையெல்லாம் புக் ஆகிவிட்டது, மேனேஜர் தலைமேல் நிற்கிறார். மூன்றுக்கு, குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போட்டேன். நான்காவதற்கு நேரம் இல்லை என்று, கொஞ்சம் கேஸை விட்டுக் குழாயில் இருந்த காற்றைத் தள்ளிவிட்டு வால்வைத் திறந்துவிட்டேன். பலர் செய்வதுதான். காற்று போனாலும் ஈரம் போகாது. இப்போதைய கேஸுக்குப் போடும் ஆயில் ஈரத்தைப் பஞ்சு மாதிரி இழுத்து, உள்ளேயே அமிலமாக்கி, கம்ப்ரசர் காயிலை அரித்துவிடும். அந்த நான்காவது ஏசி ஏழாம் மாதம் நின்றது. கம்ப்ரசரை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன், அந்த மாத வருமானம் முழுக்க அதில் போனது. அன்றிலிருந்து யார் தலைமேல் நின்றாலும் வேக்கத்தை அளக்கும் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்கும்வரை வால்வில் கை வைப்பதில்லை.

சரி, அந்தக் ‘க’வுக்கு வருகிறேன்.

ஐடிஐக்குப் போனேன். எழுத்தர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பழைய பேட்ச் தம்பி, அப்பவே பாத்திருக்கணும். இப்ப ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். நான் படித்த காலத்துச் சான்றிதழ் எல்லாம் என்சிவிடி எம்ஐஎஸ் என்ற மத்திய அரசுத் தளத்தில் இருக்கிறது, திருத்த வேண்டுமென்றால் நிறுவனம் வழியாகத்தான் கோரிக்கை போக வேண்டும் என்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். சொன்னேன். “அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்” என்று எழுந்து போய்விட்டார். இரண்டாம் முறை போனபோது அவர் லீவு, வேறு யாரும் ஃபைலைத் தொடமாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போனது.

மூன்றாம் முறை நேராக முதல்வரைப் பார்த்தேன். மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றின் நகலும் வைத்துக் கைப்பட எழுதிய மனு. அவர் நல்ல மனிதர். 2014 சேர்க்கைக் கட்டை எடுத்து வரச் சொன்னார். தூசியைத் தட்டிப் பிரித்தார்கள். பதிவேட்டில் கே. கூடவே நூலில் கட்டியிருந்த என் விண்ணப்பத்தைப் பிரித்தால், நீல மையில், அப்போதைய என் கோணல் கையெழுத்தில், தெளிவாக ஜி. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. அப்பா இறந்து அப்போது ஒன்றரை வருடம். அந்தத் தாளை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், யாரும் அவசரப்படுத்தவில்லை.

தப்பு விண்ணப்பத்தில் இல்லை, ஏற்றியவர் கையில்தான் என்று ஆனதும் வேலை நகர்ந்தது. ஆனால் மதுரையில் இருக்கும் மேல் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள்.  விடியற்காலையில் பஸ் பிடித்தேன், நாலு மணி நேரம். அங்கே பதிவேட்டு நகலில் சான்றொப்பம் இல்லை என்று இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஐடிஐ, மறுபடி மதுரை. எங்கே போனாலும் அசல், சான்றொப்பமிட்ட நகல் இரண்டு செட், வெறும் நகல் ஒரு செட், மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தளத்தில் ‘நிலுவையில்’ என்றே காட்டியது. துபாய் வேலையும் போய்விட்டது. கடைசியில், திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். எல்லா முத்திரைத் தேதிகளையும் வரிசையாக எழுதி ஒரே பக்கத்தில் மனு. ரசீது எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைச் சொல்லி நான் போன் செய்த பிறகு, இத்தனை நாள் எடுக்காத போனை எடுத்தார்கள். 2024 மார்ச் மாதம் ஒரு மதிய வேளை, உச்சிப்புளியில் ஒரு வீட்டு மாடியில் அவுட்டோரைக் கழுவிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் இறக்கிப் பார்த்தேன். ஜி. அங்கேயே மூன்று பிரின்ட் எடுத்தேன்.

திரும்ப வெளிநாட்டுக்கு முயற்சி செய்யவில்லை. அம்மா தனியாக இருக்கிறார், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எனக்கென்று வாடிக்கை வீடுகளும் சேர்ந்துவிட்டன. போக நினைப்பவர்கள், ஏஜென்சி வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தக் கடைக்குப் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடனுக்கு விண்ணப்பம் போட்டேன். மாவட்டத் தொழில் மையத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. வேக்கம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் எடை போடும் தராசு, லீக் டிடெக்டர், பிரேசிங் செட், பிரஷர் வாஷர், பழைய லோடு வண்டி எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய்த் திட்டம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கிராமப் பகுதி என்பதால் என் பங்கு 5 சதவீதம், 24,000 ரூபாய். மானியம் 35 சதவீதம், 1,68,000 ரூபாய்.

சிக்கல் வங்கியில் வந்தது. மேனேஜர் விண்ணப்பத்தைப் படிக்காமலே, “ஏசி மெக்கானிக்குக்குக் கடை எதுக்கு, பை ஒண்ணு போதாதா? சரி, வீட்டுப் பத்திரம் கொண்டா” என்றார். எங்கள் வீடு பட்டா இல்லாத இடம். இரண்டு முறை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். தொழில் மையத்தில் இருந்த ஒரு அக்காதான், “பத்து லட்சம் வரைக்கும் பத்திரம் கேட்கக் கூடாது தம்பி, விதியே இருக்கு” என்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரியில் கோடு போட்டுக் கொடுத்தார். மூன்றாம் முறை அதை மேஜையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ஃபீல்டு ஆபீசர் வருவார்” என்றார். அதற்கு மேலும் இரண்டு நடை நடந்தேன், ஆனால் பத்திரப் பேச்சு வரவில்லை.

இந்தக் கடன் புதுத் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே நடக்கிற கடைக்குக் கிடைக்காது. ஆகவே போர்டு மாட்டிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் பக்கத்தில் பணம் கட்டி ஏமாறாதீர்கள், என்னிடமே ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார். இன்னொன்று, மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும், கடை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதை நம்பி வேறு எங்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தத் தை மாதம் கடை திறந்தேன். அப்பா வேலை பார்த்த ஐஸ் கம்பெனிக்காரர்கள் தடைக்கால மராமத்தில் எலெக்ட்ரிக்கல் பேனலையும் குளிர் அறையையும் என்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டேஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே என் பெயரும் இனிஷியலும் அச்சாகியிருக்கின்றன. அனுப்புவதற்கு முன்னால் அதை மட்டும் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.