பழைய சங்கிலியும் ரெண்டு ரசீதும்

மூத்தவளுக்கு நிக்காஹ் நெருங்குது, அதனால போன சனிக்கிழமை நானும் மாமியும் லிட்டில் இந்தியா பக்கம் நகை பார்க்கப் போனோம். பினாங் ஸ்திரீட்ல பார்க்கிங் கிடைச்சதே அன்னைக்கு பெரிய பரக்கத்து. கையில என் கல்யாணத்துக்கு அம்மா போட்ட சங்கிலி, செவப்புக் கல்லு பதக்கம் வச்சது, இந்தக் காலத்துப் புள்ளைங்க அதை எங்க போடப் போகுது, கொடுத்துட்டு புது டிசைன்ல ஒண்ணு எடுத்துடலாம்னுதான் நெனப்பு.

கடைப் பையன் தராசுல வச்சான், 26.6 கிராம். "கல்லுக்கு 2 கிராம் கழிச்சிடுறேங்க்கா"ன்னு சொல்லிக்கிட்டே கால்குலேட்டர்ல டக்கு டக்குன்னு தட்டி என் பக்கம் திருப்பினான். 1,900. நான் எடுத்து வச்சிருந்த புதுசு 26.2 கிராம், பழசை கொடுத்துட்டு மேல 1,900 வெள்ளி, அதான் மலேசிய ரிங்கிட், போட்டா முடிஞ்சுது. நான் பர்ஸை திறந்துட்டேன், மாமி என் கையைப் பிடிச்சிருச்சு. "இரு புள்ள. நகைக்கு நகை இப்படி மாத்தக் கூடாது, அது வட்டி. முதல்ல இதை வித்துட்டு காசை கையில வாங்கு, அப்புறம் அதை வாங்கு."

பையன் சிரிச்சான், "ரெண்டும் ஒரே காசுதானே பாட்டி". உண்மையைச் சொன்னா எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வட்டின்னா பேங்க் லோன், ஆ லோங்ங்கிற கந்துவட்டிக்காரன், கிரெடிட் கார்டு, இதுக்குத்தான் நாம பயப்படுவோம். நகைக்கடையில பழசு கொடுத்து புதுசு எடுக்கறதுல எங்கேர்ந்து வட்டி வந்துச்சு?

ஆனா மார்க்கச் சட்டம் தெரியாம இல்ல, பெண்கள் பயான்ல, அதான் மார்க்கச் சொற்பொழிவுல, பல தடவை கேட்டதுதான். தங்கம், வெள்ளி, கோதுமை, பார்லி, பேரீச்சம்பழம், உப்பு, இந்த ஆறையும் அதே இனத்துக்கு மாத்துனா சரிக்குச் சரி இருக்கணும், கைக்குக் கை அங்கேயே முடியணும், இனம் மாறினா அளவு கூடக்குறைய இருக்கலாம் ஆனா அப்பவும் கைக்குக் கைதான். நபித்தோழர் உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ், அதாவது நபிமொழி. பழசு புதுசு, டிசைன், செய்கூலி எதுவும் கணக்கில்ல, தங்கத்துக்குத் தங்கம்னா எடைக்கு எடை. நான் பழைய தங்கமும் மேல காசும் கொடுத்து புதுத் தங்கம் வாங்குறது அதுக்குள்ள வந்து மாட்டிக்குது. (இப்னு தைமிய்யா மாதிரி சில மார்க்க அறிஞர்கள் நகையில வேலைப்பாடு இருக்கு, அதனால அதை சரக்கா பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க, ஆனா பெரும்பாலான இமாம்கள் அதை ஏத்துக்கல, நாம பின்பத்துற ஹனஃபி, ஷாஃபி ரெண்டு மார்க்கச் சட்ட வழியுமே ஏத்துக்கல.)

இதுல ஒரு வேடிக்கை, ஹதீஸ்ல தங்கத்துக்குப் பக்கத்துல வெள்ளின்னு வரும்போதெல்லாம் எனக்கு ரிங்கிட் நோட்டுதான் கண்ணுல வரும், நம்ம ஊர்ல ரிங்கிட்டை வெள்ளின்னு சொல்லியே பழகிட்டோம்ல. ஆனா அது ஒண்ணும் பெரிய தப்பில்லையாம். இன்னைக்கு இருக்கிற நோட்டும் அன்னைக்கு தங்கம் வெள்ளி இருந்த இடத்துலதான் இருக்கு, அதனால தங்கம் வாங்கும்போது எவ்வளவு விலைன்னாலும் பேசிக்கலாம், கடன் மட்டும் சொல்லக் கூடாது. 500 வெள்ளி கட்டி இன்னைக்கு ரேட்டுக்கு லாக் பண்ணிக்கோ, மீதியை மூணு மாசத்துல கட்டி நகையை எடுத்துக்கோன்னு கடைக்கு கடை ஆஃபர் ஓடுதே, அது இங்கதான் இடிக்குது. வாங்குறேன்னு வாக்கு கொடுக்கலாம், வியாபாரத்தை முழுப்பணம் கொடுத்து நகையை வாங்குற அன்னைக்குத்தான் முடிக்கணும். 2011ல இங்க மார்க்கத் தீர்ப்பு சொல்ற தேசிய ஃபத்வா குழு தங்க முதலீட்டுக்கு விதிமுறை போட்டப்போவும் இந்த கைக்குக் கை விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னாங்க.

சரி, கடைக்கு வர்றேன். மாமி நகர்ற மாதிரி தெரியல, நானும் வேற வழியில்லாம "தம்பி, புதுசை ஓரமா வை, இதை மட்டும் என்ன விலைக்கு எடுப்பேன்னு சொல்லு"ன்னேன். பாருங்க, அதுவரைக்கும் அந்தப் பையன் பழசுக்கு கிராமுக்கு எவ்வளவு போடுறான்னு நான் கேக்கவே இல்ல, அவனும் சொல்லவே இல்ல, என் கண்ணு முழுக்க அந்த 1,900 மேலதான் இருந்துச்சு. இப்ப கேட்டதும் உள்ளே போய் முதலாளிகிட்ட பேசிட்டு வந்து 350ன்னான். மாமி விடல, "கல்லைக் கழட்டி நிறுத்துப் பாரு தம்பி". பதக்கத்தை திருப்பி வச்சு ஒரு சின்ன ஊசி மாதிரி ஒண்ணால கொக்கியை நெம்பி நெம்பி ஒவ்வொரு கல்லா எடுத்தான், கால் மணி நேரம் ஆச்சு, பின்னாடி நின்ன ஆளுங்க முறைக்க ஆரம்பிச்சுட்டாங்க. கல்லு மொத்தம் 1.3 கிராம்தான். ஆக தங்கம் 25.3, அதை 350ஆல பெருக்கினா 8,855 வெள்ளி. நோட்டா எண்ணி என் கையில வச்சான், விற்ற ரசீது ஒண்ணு.

அப்புறம் புதுசு. கிராம் 380 வீதம் 9,956, செய்கூலி 450, மொத்தம் 10,406. அவன் கொடுத்த காசோட மேல 1,551 போட்டு கட்டினேன், வாங்கின ரசீது ஒண்ணு. 1,900க்கும் 1,551க்கும் 349 வெள்ளி வித்தியாசம். பையன் ஏமாத்தினான்னு நான் சொல்ல வரல, அவங்க வழக்கமா போடுற கணக்கு அதுதான், நான்தான் கேக்கல.

இடையில மாமிகிட்ட மெதுவா கேட்டேன், இப்ப இந்தக் காசை எடுத்துக்கிட்டு நான் பக்கத்து கடைக்குப் போயிட்டா? "போ, யார் தடுத்தா"ன்னுச்சு. இங்கேயே வாங்கித்தான் ஆகணும்னு பேசி வச்சுட்டு வித்தா அப்புறம் அது பேருக்குத்தான் ரெண்டு வியாபாரம், மார்க்கம் சொல்லித் தர்ற ஹஜ்ரத் இதை தனியா சொல்லிக் கொடுத்தாராம்.

ராத்திரி மச்சான்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு இருந்தேன், அவரு சிரிச்சுக்கிட்டே போய் ஸஹீஹ் முஸ்லிம்ங்கிற ஹதீஸ் கிதாபை எடுத்துட்டு வந்தாரு. பிலால் (ரலி) மட்டமான பேரீச்சம்பழம் ரெண்டு ஸாவு (அந்தக் காலத்து அளவு) கொடுத்து நல்ல பர்னீ பழம் ஒரு ஸாவு வாங்கிட்டு வந்தது எனக்குத் தெரியும், இதுதான் அசல் வட்டி, அதை வித்துட்டு அந்தக் காசுல இதை வாங்குன்னு நபி (ஸல்) சொன்னாங்க, மாமி கடையில சொன்னது அப்படியே அதுதான். ஆனா மச்சான் காட்டினது வேற. நபித்தோழர் ஃபளாலா பின் உபைத் (ரலி) கைபர் போர் அன்னைக்கு 12 தீனாருக்கு, அதாவது 12 தங்கக் காசுக்கு, ஒரு மாலை வாங்குறாங்க, தங்கமும் மணியும் கோத்தது. அப்புறம் பிரிச்சுப் பார்த்தா அதுல இருந்த தங்கமே 12 தீனாருக்கு மேல இருக்கு. நபிகிட்ட போய் சொன்னா, பிரிக்காம அதை விக்கக் கூடாதுன்னுட்டாங்க.

நான் எழுந்து போய் ஹேண்ட்பேக்ல இருந்த அந்த பிளாஸ்டிக் பாக்கெட்டை எடுத்துட்டு வந்தேன், கழட்டின செவப்புக் கல்லு, பதினோரு கல்லு, பையன் மறக்காம கொடுத்து அனுப்பியிருந்தான். அம்மா இது பர்மா கெம்புன்னு சொல்லுவாங்க. மச்சான் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்துட்டு கண்ணாடின்னாரு. மாமி கேக்கலைன்னு நெனச்சோம், ரூம்லேர்ந்து சத்தம் வந்துச்சு, "கண்ணாடியோ கெம்போ, சின்னவளுக்கு ஒரு மோதிரம் செய்யலாம், தூக்கிப் போட்டுறாதீங்க."