யாழ்ப்பாணத்துக் கறித்தூள், என்ர கணக்கில

மல்லி அரைக் கிலோ, செத்தல் மிளகாய் அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகும் நற்சீரகமும் 50 கிராம் படி, வெந்தயம் 25 கிராம், ஒரு துண்டு மஞ்சள், கைநிறையக் கறிவேப்பிலை. உறைப்புத் தாங்காத ஆக்கள் செத்தலைக் குறைக்கலாம். நான் குறைக்கிறதில்லை.

எல்லாத்தையும் ஒண்டாத் தாச்சியில கொட்டாதேங்கோ. மல்லி வறுபட நேரமெடுக்கும், அதுக்குள்ள சீரகம் கருகிப்போகும். மல்லியை மெல்லிய நெருப்பில, வாசம் எழும்பி நிறம் மாறுமட்டும் விடாமல் கிண்டவேணும். வெந்தயம்தான் பொல்லாதது: பொன்னிறம் தாண்டினால் முழுத்தூளும் கைக்கும். செத்தலைக் கடைசியா, ஜன்னலைத் திறந்துவைச்சுப்போட்டு வறுங்கோ, இல்லாட்டி வீடே தும்மும் (அயல்வீட்டுக்காரரும்தான்). கறிவேப்பிலை நொறுங்கவேணும். மஞ்சளை உடைச்சுச் சூடுகாட்டினால் போதும்.

நல்லா ஆறவிட்டுத்தான் அரைக்கிறது. சூட்டோட போத்தலில அடைச்சால் வேர்த்துக் கட்டிபடும். அரிதட்டில அரிச்சு, மிஞ்சின கப்பியைத் திரும்ப அரைக்கலாம். எனக்குக் கொஞ்சம் கரகரப்பா இருந்தால்தான் பிடிக்கும்.

மீன்குழம்பு, கத்தரிக்காய்க் கறி எல்லாத்துக்கும் இதே தூள்தான். ஆட்டிறைச்சிக்கு மட்டும், இறக்கேக்க இன்னும் கொஞ்சம் பெருஞ்சீரகம் வறுத்துப் பொடிச்சுத் தூவுவன்.