நிலத்தை விற்று நகரம் கட்டியவர்கள்

சீன ரியல் எஸ்டேட் சரிவு என்றதும் எல்லோரும் கடனில் மூழ்கிய கட்டுமான நிறுவனமான எவர்கிராண்டே பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் 1994-இலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் மாகாணங்கள் வரியை வசூலித்து, பேரம் பேசிய தொகையை மட்டும் பெய்ஜிங்குக்கு அனுப்பின. 1993-இல் மொத்த வருவாயில் மத்திய அரசின் பங்கு கால்வாசிகூட இல்லை. அப்போதைய துணைப் பிரதமர் ஜு ரோங்ஜி மாகாணம் மாகாணமாகப் போய் வாதாடி வரிப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தார். மதிப்புக்கூட்டு வரியில் 75 சதவீதம் மத்திய அரசுக்கு, மீதி 25 உள்ளூருக்கு. ஒரே ஆண்டில் மத்திய அரசின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. துணிச்சலான சீர்திருத்தம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பள்ளி, மருத்துவமனை, சாலை எனச் செலவெல்லாம் கீழே உள்ளூர் அரசுகளின் தலையிலேயே கிடந்தது. அவற்றின் கையில் மிஞ்சியது நிலம். ஊர்க்காரர்களின் விவசாய நிலத்தைக் கையகப்படுத்தி, அதன் பயன்பாட்டு உரிமையைக் கட்டுமான நிறுவனங்களுக்கு ஏலம் விட்டால் அந்தப் பணம் உள்ளூர் அரசுக்கு. அதே நிலத்தைக் காட்டி, உள்ளூர் அரசுகள் தனி நிறுவனங்கள் தொடங்கி, அவற்றின் பெயரில் வங்கிக் கடனும் வாங்கின. பளபளக்கும் எத்தனையோ மெட்ரோக்களும் மேம்பாலங்களும் இப்படி வந்தவைதான். நிலம் இழந்த விவசாயிக்குக் கிடைத்த இழப்பீடோ பல இடங்களில் ஏல விலைக்குப் பக்கத்தில்கூட வராது. எனக்கு ஆறாதது இதுதான்.

2021-க்குப் பிறகு நில ஏலம் படுத்துவிட்டது. 2024 நவம்பரில், இப்படித் தனி நிறுவனங்கள் வழியாகச் சேர்ந்த உள்ளூர் அரசுகளின் மறைமுகக் கடனை முறையான அரசுப் பத்திரங்களாக மாற்ற 10 லட்சம் கோடி யுவான் திட்டம் அறிவித்தார்கள். நிலையான வருமானம் தரக்கூடிய வீட்டு வரியோ, 2011-இல் ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் சோதனையாகத் தொடங்கியதோடு நிற்கிறது.