பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஒரு வீட்டுச் செய்தி சபை முழுக்கப் பரவ 'இன்னாருக்காக ஜெபியுங்கள்' என்று சொல்கிற ஜெபக் குறிப்பை விட வேகமான வழி கிடையாது. "அவ வீட்டுல என்ன நடக்குன்னு தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வரும். அதையே கண்ணை மூடிக்கொண்டு, "தகப்பனே, எங்கள் நடுவில் ஒரு சகோதரி..." என்று ஆரம்பித்துவிட்டால் கூச்சத்துக்கு இடமே இல்லை. கடைசியில் எல்லாரும் ஆமென் சொல்லிவிடுவோம்.

நான் கணவர் வீட்டை விட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த சமயம். குடி, அடி. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எனக்கு நெருக்கமான ஒரு அக்கா இருந்தார். சின்ன வயதிலிருந்தே ஒரே பாமாலைப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடிப் பழக்கம். அவரிடம் மட்டும்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றும் சொல்லியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கோயிலுக்குப் பின்னாலுள்ள அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அக்காதான் ஜெபத்தை நடத்தினார். "புருஷனை விட்டுப் பிரிந்து, கையில் பெண்பிள்ளையோடு வந்திருக்கிற ஒரு மகளுக்காக மன்றாடுகிறோம் ஆண்டவரே. அந்த மகளுக்குப் பொறுமையைத் தாரும்." பெயர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சபையில் அப்படி வந்திருந்த மகள் நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கண்ணைத் திறந்து, முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன் என்பதால் இது தெரியும்.

அப்புறம் வசனங்கள் வர ஆரம்பித்தன. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படம், அதன் மேல் 'தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்'. பாடகர் குழுவில் இருந்த ஒரு மைனி, கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "கொஞ்சம் அடங்கிப் போயிருந்தா ஆண்டவர் அவரை மாத்தியிருப்பார்லா?" என்றார். சண்டே ஸ்கூலுக்குப் பொறுப்பான அண்ணன் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "கொஞ்ச நாளைக்கு வேற யாராவது வகுப்பு எடுக்கட்டும் டீச்சர். பிள்ளைகளைப் பெத்தவங்க கேக்காங்க." இத்தனைக்கும் என்னை அடித்த கணவர் தன்னுடைய சபையில் அப்போதும் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையோடு நடந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை.

இந்த 'அடங்கிப் போ' என்பது வெறும் ஊர்ப் பேச்சாக மட்டும் இருந்ததில்லை. 1869-ல் வந்த விவாகரத்துச் சட்டப்படி, கணவன் கொடுமைப்படுத்துகிறான் என்பதை மட்டும் காட்டி ஒரு கிறிஸ்தவ மனைவி விவாகரத்து வாங்க முடியாது. அதோடு அவன் விபசாரம் செய்ததையும் நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் திருத்தினார்கள். இப்போது கொடுமை ஒன்றே போதும். சட்டப் புத்தகம் திருந்த இவ்வளவு காலம் பிடித்தது என்றால் கோயில் வாசல் பேச்சு திருந்த எவ்வளவு நாளாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இதையெல்லாம் நம்பி யாரிடமாவது சொன்னால் கிடைக்கிற ஒரே பதில், "மனுஷரைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்." எங்கள் சபைப் போதகரான ஐயரும் அதையேதான் சொன்னார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபமே உண்டு. காயப்பட்டவள் வாயை அடைக்கவும், காயப்படுத்தியவரை ஒரு வார்த்தை கேட்காமல் விடவும் இது ஒன்று போதும். கண்ட சகோதரனிடத்தில் அன்பில்லாதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்பு கூருவான் என்று யோவான் கேட்கிறார். அவர் மனுஷரைப் பார்க்கத்தானே சொல்கிறார்? ஐம்பத்தைந்தாம் சங்கீதம் எழுதியவரும் மனுஷரைப் பார்த்துத்தான் அழுகிறார். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, சத்துருவாயிருந்தால் சகித்திருப்பேன். நீதான், என் தோழன்தான், நாம் சேர்ந்துதானே கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போனோம் என்கிறார். அந்த வாரங்களில் நான் வேறு எதையும் வாசிக்கவில்லை.

பழைய காலத்தில் சபையில் அன்பு இருந்தது, இப்போதுதான் கெட்டுப்போயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்தப் பழைய காலம்? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துப் பிரித்துக் கட்டிய சுவர் 1910 வாக்கில்தான் இடிபட்டது. ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் சுவர். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, நம் பக்கத்து விசுவாசிகளில் ஒரு கூட்டம் சபையை விட்டே போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பதற்காக! இன்றைக்கு வந்தால், 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் என்று இத்தனை மரபும் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டது. ஆனால் திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல், முடிந்து மாதக்கணக்கானாலும் எதிர் அணிக்காரருக்கு வணக்கமாக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராது. ஆக, நமக்கு இது புது வியாதி இல்லை.

பைபிளில் பவுல் அப்போஸ்தலன் கடிதம் எழுதிய பிலிப்பி பட்டணத்துச் சபையிலேயே இருந்த வியாதிதான். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள், ஒருவருக்கொருவர் சரியில்லை. என்ன சண்டை என்று பவுல் எழுதவில்லை. ஜெபக் குறிப்பாக்கவில்லை பாருங்கள். சிறையிலிருந்து எழுதுகிற கடிதத்தில், சபை நடுவே வாசிக்கப்படும் என்று தெரிந்தே, இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே சிந்தையாயிருங்கள் என்கிறார். அதோடு நிற்கவில்லை. இன்னொரு ஆளைப் பார்த்து, உத்தம கூட்டாளியே, இவர்களுக்கு உதவியாயிரு என்று கேட்கிறார். யார் அந்தக் கூட்டாளி என்று பெயர்கூட இல்லை. எங்கள் சபையில் இல்லாமல் போனது அந்த மூன்றாவது ஆள்தான். எனக்காக ஜெபிக்க நாற்பது பேர் இருந்தார்கள். நடுவில் வர ஒருவரும் இல்லை.

கடைசியில் வந்தது ஒரு பெரியம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ், தனி ஆள், சங்கத்தில் அதிகம் பேசாதவர். நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார ஆரம்பித்திருந்ததைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் மழையைப் பற்றியே பேசினார். பிறகு, "நீ எதுக்குளா பின்னால போய் உக்காருத?" என்றார். சொன்னேன். "அவகிட்ட நேரப் போய்க் கேட்டியா?" இல்லை என்றேன். "மொதல்ல தனியாப் போ. கேக்கலைன்னா நான் கூட வாரேன். மத்தேயு பதினெட்டுல அப்படித்தான போட்டிருக்கு."

போனேன். அக்கா கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். "ஜெபிக்கத்தான சொன்னேன்? அதுவும் தப்பா?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அடுத்த முறை பெரியம்மாவும் வந்தார். நான் பேசியதை எல்லாம் விட அவர் கேட்ட ஒரு கேள்விதான் வேலை செய்தது: "யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு அவ சொன்னாளா, இல்லையா?" அக்கா ரொம்ப நேரம் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சொன்னா" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் மக இருக்கா மைனி. அவளுக்கும் மாப்பிள்ளை சரியில்ல. இவளைப் பாத்து அவளும் வந்துருவாளோன்னு பயம்" என்றார். கட்டிப்பிடித்து அழுதோம் என்றெல்லாம் இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தையும் வரவில்லை. அடுத்த உபவாச ஜெபத்தில், ஆளைக் கேட்காமல் அவர்கள் காரியத்தை யாரும் ஜெபத்தில் சொல்ல வேண்டாம் என்று அக்காவே எழுந்து சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. பாடகர் குழு மைனி இன்னும் அப்படியேதான் இருக்கிறார். அவரைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வகுப்பு விஷயத்துக்கும் பெரியம்மாதான் போனார். அந்த அண்ணனிடம் என்ன பேசினார் என்று கடைசி வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் வகுப்பு திரும்பி வந்தது.

இடையில் ஒன்று. இதைப் படித்துவிட்டு, அடிக்கிற புருஷனிடமும் தனியாகப் போய் மத்தேயு பதினெட்டின்படி பேசிப் பார் என்று எந்தப் பெண்ணையும் யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம். அதற்கு 2005-லிருந்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணில் கூப்பிட்டால் பேச ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது பாமாலைப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்ட அக்காமாரைப் பற்றி மட்டும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடுத்த மாத வேதபாடம் எடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். பிலிப்பியர் நாலாம் அதிகாரம். சங்கச் செயலாளர், "நாலாம் வசனத்துல ஆரம்பிச்சிருங்க டீச்சர், 'சந்தோஷமாயிருங்கள்'னு வருதுல்லா, அதுதான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். சரி என்று தலையாட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டாம் வசனத்தில்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.