‘கிரைண்டர்த்தை’: டிட்டாவில் தமிழ்க் கையேடு செய்த அனுபவம்

கையேடு நேற்று அச்சுக்குப் போய்விட்டது. மூன்று வாரத்தில் முடிய வேண்டியது இரண்டு மாதம் இழுத்துவிட்டது. டிட்டா (DITA) என்பது ஒரு முறை எழுதிய பகுதியைப் பல கையேடுகளில் எடுத்துக்கொள்ள உதவும் எக்ஸ்எம்எல் முறை; எக்ஸ்எம்எல் என்றால் ‘டேக்’ என்ற குறிகளுக்குள் எழுதுவது. அதில் தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

கப்பலூரில் ஓட்டல்களுக்கு இயந்திரம் செய்துதரும் ஒரு பட்டறைக்கான வேலை. மாவு பிசையும் இயந்திரம், முறுக்கு பிழியும் இயந்திரம், டில்டிங் கிரைண்டர் என்று மூன்று கையேடுகள். எர்த் இணைப்பு, சுத்தம் செய்வது, பெல்ட் மாற்றுவது மூன்றிலும் ஒன்றுதான். ஒரே இடத்தில் எழுதி மூன்றிலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் டிட்டாவுக்கு வந்தேன். தலைப்புகளாக (டாபிக், ஒரு விஷயத்துக்கு ஒரு சிறு பகுதி) பிரித்து எழுதியது நான்கே நாள்.

முதல் அடி பழைய கையேட்டிலிருந்து விழுந்தது. அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தது; அதில் ஆங்கில எழுத்து, குறிகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கும். ஒட்டியதுமே எக்ஸ்எம்எல் பிழை. பாமினியில் ‘ஈ’ எழுத்து இருப்பது ‘<’ குறியின் இடத்தில். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்று வந்த இடத்திலெல்லாம் புது டேக் ஆரம்பிக்கிறது என்று கணினி எடுத்துக்கொண்டது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

பிடிஎஃப் எடுத்தால் பக்கம் முழுக்க ‘#’. எழுத்துருவைச் சேர்த்த பிறகும் ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நின்றது. கடைசியில் எச்டிஎம்எல்லாக எடுத்து, பிரவுசரிலிருந்து பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்து சரியாக வந்தது.

பெரிய தப்பு நான் செய்ததுதான். இயந்திரத்தின் பெயரை ஒரு ‘கீ’யாக (பெயர் வந்து நிரம்பும் ஒரு குறிச்சொல்) வைத்து, மூன்று மேப்பிலும் (ஒரு கையேட்டில் எந்தத் தலைப்புகள் வரும் என்ற பட்டியல்) மூன்று பெயர் கொடுத்தேன். ஆங்கிலக் கையேடுகளில் அப்படிச் செய்து பழக்கம். வாக்கியத்தில் பெயருக்குப் பின்னால் ‘ஐ’ சேர்த்தால் ‘இயந்திரம்ஐ’ என்று வந்தது. சரி என்று ‘இயந்திர’ என்பதை மட்டும் கீயில் வைத்து, ‘த்தை’, ‘த்தில்’, ‘த்துக்கு’ என்று வெளியே ஒட்டினேன். முதல் இரண்டு கையேடும் அழகாக வந்தன. மூன்றாவதைத் திறந்துகூடப் பார்க்காமல் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, கப்பலூரிலிருந்து பஸ் பிடித்து, பெரியார் நிலையத்தில் இறங்கி அச்சகத்துக்கு நடந்தேன்.

அச்சகத்துப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. “ஏம்மா, ‘கிரைண்டர்த்தைக் கழுவவும்’னு போட்டிருக்கே, இது எந்த ஊர்த் தமிழ்?” பிளேட் போடுவதற்கு முன்னால் கேட்டாரே, அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு கலந்துவிடும், சொல்லின் வாலையும் மாற்றிவிடும். அதனால் சொல்லைத் தனியாகக் கழற்றி மாட்ட முடியாது. முழு வாக்கியத்தையோ முழுப் படியையோதான் பகிர வேண்டும். உருபு ஏறாத அட்டை, தலைப்பு, அட்டவணை இங்கே மட்டும் கீயை வைத்துக்கொண்டேன். மற்ற இடங்களில் பெயரே வேண்டாம் என்று எழுதினேன்: ‘கழுவும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.’ இப்படி மாற்றிப் பார்த்தபோது, பெயர் இல்லாமலே வாக்கியம் தெளிவாக இருந்தது.

இப்படி முழு வாக்கியங்களைப் பகிர்ந்ததில்தான் அடுத்த வில்லங்கம். பொது எச்சரிக்கைகளைத் தனிக் கோப்பில் வைத்து, வேண்டிய இடத்துக்கு அவற்றை இழுத்துவரும் கான்ரெஃப் என்ற சுட்டியைப் போட்டேன். அதில் கோப்பின் பெயர், தலைப்பின் ஐடி (அடையாளப் பெயர்), அதற்குள் இருக்கும் உறுப்பின் ஐடி மூன்றும் வேண்டும். 2015-இல் வந்த டிட்டா 1.3 பதிப்பில், அதே தலைப்புக்குள் சுட்டும்போது தலைப்பின் ஐடிக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அந்தப் புள்ளியை நான் வேறு கோப்பைச் சுட்டும் இடத்திலும் வைத்துவிட்டேன். டிட்டா கோப்புகளைக் கையேடாக்கும் மென்பொருளான ஓப்பன் டூல்கிட் நிற்கவில்லை, கையேடும் வந்தது. எர்த் எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஷாக் அடித்து ஒருவர் கீழே விழுந்திருந்தால்? கோப்பு வந்துவிட்டதே என்று நம்பாதீர்கள். மென்பொருள் எழுதிவைக்கும் லாக்கில் (வேலைப் பதிவு) பிழை வரிகளைத் தேடிப் படியுங்கள்.

நேற்றுக் காலை பட்டறை அண்ணன் போன் செய்து, எர்த் கம்பி பற்றி இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். ஒரே கோப்பில் ஒரே வரி சேர்த்தேன். மூன்று கையேட்டையும் புதிதாக எடுத்துத் திறந்தேன், மூன்றிலும் அந்த வரி இருந்தது. சாயங்காலம் அச்சகத்தில் பெரியவரின் விரல் கடைசிப் பக்கம் வரை எங்கும் நிற்கவில்லை. “சரிம்மா, பிளேட் போட்டுரலாம்” என்றார்.