கல்வெட்டுப் புத்தகத்துக்க கிடந்த எங்கட ஊர்

நாங்கள் ஏஎல் (உயர்தரம்) படிக்கேக்கதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் திரும்பத் திறந்தது, 2002 சமாதானம் வந்த பிறகு. 1981 மே 31 இரவு வைச்ச நெருப்பில 97 ஆயிரம் அளவில புத்தகமும் ஏட்டுச்சுவடியளும் எரிஞ்ச கதையை வீட்டில கேட்டு வளர்ந்த பெடியள் நாங்கள், அதால பள்ளிக்கூடம் விட்டவுடன முற்றவெளிப் பக்கத்தால சைக்கிளை மிதிச்சுக்கொண்டு போய் முன்னால இருக்கிற சரஸ்வதி சிலையைத் தாண்டி உள்ளுக்க போறதே பெரிய சந்தோசம்.

வரலாறு சேர் சொந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னவர். மொத்த மொத்தச் சரித்திரப் புத்தகமா எடுத்துக் கிண்டினா சங்கிலியன், போத்துக்கீசர், ஒல்லாந்தர் எல்லாரும் வருகினம், எங்கட ஊர்ப் பேரைக் காணேல்லை. அங்க வேலை செய்த அக்கா ஒராள் பார்த்திட்டு, "தம்பி, ஊர்க்கதை உதுக்குள்ள கிடைக்காது, பொறும்" எண்டு சொல்லிப்போட்டு கோயில் கும்பாபிஷேக மலர், வாசிகசாலை ஆண்டு மலர், பிறகு ஒரு கட்டு கல்வெட்டுப் புத்தகம் கொண்டுவந்து வைச்சா. ஒராள் செத்தா அந்தியேட்டிக் கிரியைக்கு அவரின்ர நினைவா அச்சடிச்சுக் குடுக்கிற சின்னப் புத்தகம்தான், எல்லாற்ற வீட்டிலயும் சாமி அறைத் தட்டில கிடக்கும், ஒருத்தரும் திறந்து பார்க்கிறேல்லை.

அதில ஒண்டு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அட்டையில கறுப்புக் கரை, நடுவில தலைப்பாகை கட்டின ஐயா ஒராளின்ர படம், கீழ அவர் செத்த திதியைச் சொல்லுற திதி வெண்பா. அவர் வெள்ளைக்காரன் காலத்தில மலாயாவுக்குப் போய் ரெயில்வேயில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், கிணறு வெட்டினது, வாசிகசாலைக்குக் காணி எழுதிக் குடுத்தது, எங்கட பள்ளிக்கூடத்து மேற்குப் பக்கக் கட்டிடத்துக்குக் காசு குடுத்தவையில அவரும் ஒராள் எண்டெல்லாம் எழுதிக் கிடந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் இருந்து படிச்ச கட்டிடம்! பின்பக்க வம்சாவளியைப் பார்த்தா எந்த ஊரில இருந்து ஆர் வந்து கலியாணம் கட்டினது, ஆர் கொழும்புக்கு, ஆர் சிங்கப்பூருக்குப் போனது எண்டு ஊர்ச்சனத்தின்ர போக்குவரத்தே தெரியுது. இதெல்லாம் வீட்டுக்காரர் எழுதி வைச்சபடியால்தான் மிஞ்சினது.

அந்த லைப்ரரியும் ஒரு வீட்டில தொடங்கினதுதான். 1933ல கே.எம். செல்லப்பா தன்ர வீட்டில வைச்சுப் புத்தகம் இரவல் குடுக்கத் தொடங்கி, அது வளர்ந்து வளர்ந்து 1959ல அந்தப் பெரிய கட்டிடம் திறக்கிற அளவுக்கு வந்தது. எரிஞ்ச பிறகும் சனம் அனுப்பின புத்தகங்கள் கனக்க.

இப்ப இங்க குளிருக்க இருந்துகொண்டு, 2005ல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில பழைய பள்ளிக்கூட மலர், நினைவு மலர் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கிறதைப் பார்க்கேக்க ஊர்ப் பேரை அடிச்சுத் தேடாமல் நான் படுக்கிறேல்லை. எங்கட பள்ளிக்கூடத்து பழைய மலருகள் இன்னும் கனக்க இல்லை அதில.

வெளிநாட்டுக்கு வரேக்க சூட்கேசுக்க அப்பு ஆச்சியின்ர கல்வெட்டு கொண்டு வந்தவை எங்களுக்க கனபேர் இருப்பியள், 81க்கு முந்தின பள்ளிக்கூட மலர் ஆரிட்டயும் இருந்தா அதைவிடப் பெரிய விசயம் இல்லை. தயவுசெய்து ஒரு பிரதி எடுத்து பொது நூலகத்துக்கும் எங்கட சங்கத்துக்கும் அனுப்பி விடுங்கோ, அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, பின்பக்க வம்சாவளி இருந்தா காணும்.